ஒரு சீஸின் பெயரைக் காக்க எந்த வழி? பிடிஓ, பிஜிஐ, டிஎஸ்ஜி, டிரேட்மார்க்

ஒரு மலைப்பகுதியில் பதினைந்து பேர் ஒரே வகைச் சீஸ் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயருக்கு மெல்ல மதிப்பு கூடுகிறது. தூரத்து ஆலை ஒன்று அதே பெயரை ஒட்டி, மலிவுச் சரக்கைக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்குகிறது. பதினைந்து பேரும் கூடுகிறார்கள். பெயரைச் சட்டப்படி காக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எந்தச் சட்டத்தின்படி என்பதில்தான் பேச்சு நீள்கிறது.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஐந்து வழிகள் திறந்திருக்கின்றன. பிடிஓ எனும் மூலப்பெயர்க் காப்பு ஒன்று. பிஜிஐ எனும் புவிசார் குறியீடு இன்னொன்று. டிஎஸ்ஜி எனும் மரபுமுறை உத்தரவாதம் மூன்றாவது. டிரேட்மார்க் நான்காவது. எதுவும் வேண்டாம் என்று புதுப் பெயர் ஒன்றைத் தொடங்குவது ஐந்தாவது. முதல் மூன்றையும் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று வரிசைப்படுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வரிசையில் நம்பிக்கை இல்லை. முத்திரையின் நிறத்தைவிட, அதை வாங்குவதற்காக எழுதித் தரும் விதித்தொகுப்புதான் பின்னாளில் ஆளை ஆட்டிவைக்கிறது. எந்தப் பால், எந்தத் தீவனம், காய்ச்சுவதா வேண்டாமா, எத்தனை மாதம் முதிரவிடுவது என்று அதில் எழுதியதெல்லாம் எழுதியவர்களையே கட்டும். ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கப்போகிறேன்.

பெயர் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா?

மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பெயர் ஊர் ஊராகப் பரவி, வகைப்பெயராகிவிட்டால் அதை மீட்க எந்தச் சட்டமும் உதவாது. செடார் அப்படித்தான் போனது. கூடா, பிரீ, எமென்டால் எல்லாம் அதே கதை. கமம்பேர் எங்கும் செய்யக்கூடிய பொதுவகைதான் என்று பிரெஞ்சு நீதிமன்றம் 1926-லேயே சொல்லிவிட்டது. 1951-இல் இத்தாலியின் ஸ்ட்ரேசா நகரில் சில நாடுகள் கூடி, சீஸ் பெயர்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை செய்தன. அதிலேயே ராக்ஃபோர்ட், கொர்கொன்சோலா போன்ற ஒருசில பெயர்கள் மட்டும் ஊருக்குச் சொந்தம் என்ற பட்டியலில் வந்தன. கமம்பேர், எமென்டால் வகையறா வேறு பட்டியலுக்குப் போயின. மற்ற நாடுகளும் அவற்றைச் செய்யலாம், எந்த நாட்டில் செய்தது என்று சொன்னால் போதும்.

பெயர் கைவிட்டுப் போனவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பொதுப்பெயரின் முன்னோ பின்னோ ஊர்ப்பெயரைச் சேர்த்து, அந்தக் கூட்டுப்பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். செடாரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் ‘வெஸ்ட் கன்ட்ரி ஃபார்ம்ஹவுஸ் செடார்’ என்று போட, சோமர்செட், டார்செட், டெவன், கார்ன்வால் ஆகிய நான்கு மாவட்டங்களுக்குள் செய்து, ஒன்பது மாதமாவது முதிரவிட வேண்டும். கூடா பொதுச்சொத்து, ‘கூடா ஹாலந்து’ பதிவுப்பெயர். ‘கமம்பேர் தெ நோர்மண்டி’யும் ‘பிரீ தெ மோ’வும் இதே வழியில் காப்பு பெற்றவைதான்.

நழுவிக்கொண்டிருந்த பெயரைப் போராடி மீட்டவர்களும் உண்டு. ஃபெட்டா 1996-இல் கிரீஸின் பெயராகப் பதிவானது. டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் வழக்குப் போட, 1999-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தப் பதிவை ரத்து செய்தது. 2002-இல் மறுபடி பதிவு, மறுபடி வழக்கு. 2005-இல்தான் கிரீஸ் நிரந்தரமாக வென்றது. நீதிமன்றம் கவனித்த ஒரு சங்கதி சுவையானது. வேறு நாடுகளில் செய்த ஃபெட்டாவின் உறைகளிலும் கிரேக்கக் காட்சிகளும் அடையாளங்களும்தான் இருந்தன. போலிக்காரர்களின் விளம்பரமே, வாங்குபவர் மனத்தில் அந்தப் பெயர் கிரீஸோடு ஒட்டியிருக்கிறது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. நம் பதினைந்து பேருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது: போட்டி ஆலை ஒட்டும் லேபிள்களை இன்றிலிருந்தே சேகரித்து வைப்பது.

பிடிஓ: பால்காரருக்கும் பங்கு

பிடிஓவில் பால் கறப்பதிலிருந்து முதிரவிடுவது வரை எல்லாக் கட்டங்களும் குறிப்பிட்ட எல்லைக்குள்ளேயே நடக்க வேண்டும். சீஸின் குணத்துக்கு அந்த மண்ணும் புல்லும் மனிதரும்தான் காரணம் என்று காட்ட வேண்டும். இது கடினமான வழி. ஆனால் இதன் பெரிய பலனைப் பலரும் கவனிப்பதில்லை. பால் வெளியிலிருந்து வர முடியாது என்பதால், சீஸ் விலை கூடும்போது அதன் ஒரு பகுதி மாடு வளர்ப்பவரிடம் போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது.

பிரான்ஸின் கோந்தே சீஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1958-லேயே பிரெஞ்சு மூலப்பெயர்ச் சட்டத்தின்கீழ் வந்தது. மோம்பெலியார்ட், பிரெஞ்சு சிம்மென்டால் ஆகிய இரண்டு மாட்டினங்களின் பாலைத்தான் எடுக்கலாம். ஊறுகாய்ப்புல், அதாவது காற்றுப்புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம், கூடாது. ஒரு சீஸ் கூடத்துக்குப் பால் வரும் பண்ணைகள் 25 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும். இந்த வட்டம் பார்க்கச் சிறிய விதி. ஆனால் பெரிய ஆலை ஒன்று வந்து மாவட்டம் முழுவதன் பாலையும் ஒரே இடத்துக்கு உறிஞ்சிக்கொள்வதை இது ஒன்றே தடுத்துவிடுகிறது. ஊர்தோறும் சிறு கூட்டுறவுக் கூடங்கள் பிழைத்திருப்பது இப்படித்தான். நல்ல விதி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்த வட்டத்தைத்தான் காட்டுவேன். இதுபோகக் கோந்தேக்காரர்கள் ஆண்டு உற்பத்தி அளவையும் தங்களுக்குள் கட்டுப்படுத்துகிறார்கள். காப்புபெற்ற சீஸ்களுக்கு இப்படிச் செய்ய 2012-இல் ஐரோப்பியச் சட்டமே இடம் கொடுத்தது.

பிடிஓ என்றாலே ஒரே அளவு கடுமை என்று நினைத்துவிடக் கூடாது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவும் கிரானா படானோவும் இரண்டும் பிடிஓ, இரண்டும் வட இத்தாலி, இரண்டும் பெரிய கடினச் சக்கரங்கள். முதலாவதில் ஊறுகாய்ப்புல்லுக்கு முழுத் தடை, இரண்டாவதில் அனுமதி. ஊறுகாய்ப்புல்லிலிருந்து பாலுக்குள் வரும் ஒருவகைக் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வித்துகள், சீஸ் முதிரும்போது மாதங்கள் கழித்து வாயுவைக் கிளப்பிச் சக்கரத்தையே வெடிக்க வைக்கும். அதனால் கிரானா படானோவில் அதைத் தடுக்க, முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற நொதியைச் சேர்க்க இடமுண்டு. பார்மிஜானோவில் எந்தச் சேர்மானமும் கூடாது, ஆகவே தீவனத்திலேயே கை வைக்கிறார்கள். குறைந்தபட்ச முதிர்வு பார்மிஜானோவுக்கு 12 மாதம், கிரானா படானோவுக்கு 9 மாதம். முதலாவதன் எல்லை பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா மாவட்டங்களும் பொலோன்யா, மாந்துவா மாவட்டங்களின் ஒருபகுதியும். இரண்டாவதன் எல்லை போ ஆற்றுச் சமவெளியில் வெகுதூரம் விரிகிறது. விதி தளர்வானதால் கிரானா படானோ கெட்டுப்போகவில்லை. அது அதிகமாக விளைகிறது, விலை குறைவாக விற்கிறது, தன் விதித்தொகுப்புக்கு நேர்மையாக இருக்கிறது. ஆக, பிடிஓ வேண்டுமா என்று கேட்பதோடு நிற்காமல், இந்த இரண்டில் எதைப் போன்ற பிடிஓ என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி இதன் மறுபக்கம். இங்கிலாந்தின் ஸ்டில்டன் சீஸ் 1996-இல் பிடிஓ ஆனது. டார்பிஷர், லெஸ்டர்ஷர், நாட்டிங்ஹம்ஷர் மூன்று மாவட்டங்களில் மட்டும் செய்யலாம். ஸ்டில்டன் என்ற ஊரோ கேம்பிரிட்ஜ்ஷரில் இருக்கிறது, அங்கே செய்தால் ஸ்டில்டன் ஆகாது. இது வெறும் வேடிக்கை. உண்மையான சிக்கல் வேறிடத்தில் வந்தது. பாஸ்டரைஸ் செய்த பாலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதித்தொகுப்பில் எழுதிவிட்டார்கள். 2006 வாக்கில் நாட்டிங்ஹம்ஷரிலேயே, எல்லைக்குள்ளேயே, ஒருவர் காய்ச்சாத பாலில் பழைய முறைப்படி அந்தச் சீஸைச் செய்யத் தொடங்கினார். அதற்கு ஸ்டில்டன் என்று பெயர் வைக்க முடியவில்லை, ஸ்டிசெல்டன் என்று வைத்துக்கொண்டார். மரபைக் காக்கப் போட்ட வேலி, மரபுக்கு இன்னும் நெருக்கமானதை வெளியே நிறுத்திவிட்டது. விதி எழுதிய நாளில் இருந்த தயாரிப்பாளர்களின் வசதிதான் ‘மரபு’ என்று பதிவாகிறது. இதை மனத்தில் வைக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

நோர்மண்டியில் இழுபறி எதிர்த்திசையில் நடந்தது. கமம்பேர் தெ நோர்மண்டியின் விதிகளில் காய்ச்சாத பாலும், திரிந்த பாலை அகப்பையால் அடுக்கடுக்காக அச்சில் வார்ப்பதும் கட்டாயம். பெரிய ஆலைகள் பாலைச் சூடாக்க அனுமதி கேட்டன, 2008-இல் காய்ச்சாத பால்தான் என்று உறுதியானது. பின்னும் ‘நோர்மண்டியில் செய்த கமம்பேர்’ என்று லேபிளில் போட்டு, பாஸ்டரைஸ் செய்த சீஸ் பக்கத்திலேயே விற்றுக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே பெயருக்குள் கொண்டுவர 2018-இல் ஓர் ஒப்பந்தம் உருவாகி, 2020-இல் தயாரிப்பாளர்கள் வாக்களித்தபோது கவிழ்ந்தது. பிடிஓ வாங்கியதோடு சண்டை முடிவதில்லை. எல்லைக்குள் இருந்து விதியைப் பின்பற்றும் யாரையும் வெளியே தள்ள முடியாது, பெரிய நிறுவனத்தையும்தான். ராக்ஃபோர்டில் மிகப் பெரிய தயாரிப்பாளரான சொசியெத்தே இன்று லக்தாலிஸ் குழுமத்தைச் சேர்ந்தது. பெயர் யாருக்கும் தனிச்சொத்தில்லை என்பது இந்த முறையின் அழகு, அதிலேயே அதன் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே விதித்தொகுப்பைத் திருத்தும் அதிகாரம் குழுவில் யாரிடம், எத்தனை வாக்குக்கு, பால் அளவின்படியா தலைக்கு ஒன்றா என்பதையெல்லாம் விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது.

பிஜிஐ: இரண்டாம் தரமா?

பிஜிஐயில் தயாரிப்பு, பதப்படுத்தல், பக்குவப்படுத்தல் ஆகியவற்றில் ஒரு கட்டமாவது எல்லைக்குள் நடந்தால் போதும். பால் எங்கிருந்து வர வேண்டும் என்பதை விதித்தொகுப்பே முடிவு செய்யும். சட்டம் கட்டாயப்படுத்தாது. இதனால்தான் ‘இரண்டாம் தரம்’ என்ற பெயர் வந்தது. ஆனால் போலிகளிடமிருந்து கிடைக்கும் சட்டப் பாதுகாப்பில் பிடிஓவுக்கும் பிஜிஐக்கும் வித்தியாசமே இல்லை! பெயரை நேரடியாகத் திருடுவது, ‘வகை’ ‘பாணி’ என்று ஒட்டுச்சேர்த்துப் பயன்படுத்துவது, அந்தப் பெயரை நினைவூட்டும்படி வேறொன்றைச் செய்வது எல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவில் தடை. சிவப்பு மஞ்சள் முத்திரைக்கும் நீல மஞ்சள் முத்திரைக்கும் இடையே கடையில் நின்று வித்தியாசம் பார்ப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதும் யோசிக்க வேண்டியது.

யார்க்ஷர் வென்ஸ்லிடேல், கூடா ஹாலந்து, ஆர்க்னியின் செடார் எல்லாம் பிஜிஐ. பிரான்ஸின் கிரூயேர் சுவாரசியமானது. கிரூயேர் சுவிட்சர்லாந்தின் பெயர். எல்லைக்கு இந்தப் பக்கம் பிரான்ஸிலும் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். 2013-இல் பிரெஞ்சு கிரூயேருக்குப் பிஜிஐ கிடைத்தபோது, பட்டாணியிலிருந்து செர்ரிப் பழம்வரை அளவுள்ள துளைகள் அதில் இருக்க வேண்டும், பிரான்ஸில் செய்தது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று விதி வந்தது. இரண்டு உரிமைக்காரர்கள் ஒரே பெயரில் வாழ வேண்டிய இடத்தில் பிஜிஐ இப்படி ஒரு சமரசத்துக்கு இடம் தருகிறது.

பால் போதாத வட்டாரத்துக்கு என் ஓட்டு பிஜிஐக்குத்தான். பாதிப் பால் அடுத்த மாவட்டத்திலிருந்து லாரியில் வந்துகொண்டிருக்க, கௌரவத்துக்காகப் பிடிஓ வாங்கினால் ஆய்வாளர் வரும்போதெல்லாம் வயிற்றில் புளி கரையும். பிஜிஐ வாங்கிவிட்டு, விதித்தொகுப்பில் தாங்களாகவே பாலுக்கு ஓர் எல்லை போட்டுக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.

டிஎஸ்ஜி: ஊரை விட்டுவிட்டு முறையைக் காப்பது

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. டிஎஸ்ஜி இடத்தைக் காப்பதில்லை, செய்முறையைத்தான் காக்கிறது. முப்பது ஆண்டுகளாவது வழக்கில் இருக்கும் முறையாக இருக்க வேண்டும். பதிவானபின் அந்த முறைப்படி எந்த நாட்டிலும் யாரும் செய்து அந்தப் பெயரைப் போடலாம். மொசரெல்லா 1998-இல் இப்படிப் பதிவானது. அதற்கு ஈராண்டு முன்பே, எருமைப் பாலில் செய்யும் ‘மொசரெல்லா தி பூஃபலா கம்பானா’ பிடிஓ வாங்கிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஒரு வட்டாரத்துக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் வேலை இரண்டாவதால்தான் ஆகும்.

அதற்காக டிஎஸ்ஜி வீண் என்றும் சொல்ல முடியாது. நெதர்லாந்தின் ‘பூரன்காஸ்’, பண்ணையிலேயே காய்ச்சாத பாலில் செய்யும் சீஸ், டிஎஸ்ஜியாக இருக்கிறது. அது எந்த ஓர் ஊருக்கும் உரியதில்லை, ஆனால் ஆலைகளால் நசுங்கிக்கொண்டிருந்த முறை. ஊறுகாய்ப்புல் இல்லாமல் பெரும்பாலும் பச்சைப்புல்லும் உலர்புல்லுமாகக் கொடுத்து வளர்த்த மாட்டின் பாலுக்கு ஆஸ்திரியாவிலிருந்து 2016-இல் வந்த பதிவும் அதே வகை. நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கு இது பொருந்தும். மலைப்பகுதியின் பதினைந்து பேருக்குப் பொருந்தாது.

டிரேட்மார்க்: வேகம் உண்டு, காவலும் உங்கள் பொறுப்பு

டிரேட்மார்க்கில் இங்கே பயன்படுவது இரண்டு வகை. உறுப்பினர்கள் மட்டும் பயன்படுத்தும் கூட்டு முத்திரை ஒன்று. தரத்துக்கு உட்பட்ட எவரும் பயன்படுத்தும் சான்று முத்திரை மற்றொன்று. பொதுவாக விரைவாகக் கிடைக்கும். மண்ணுக்கும் சுவைக்கும் உள்ள தொடர்பை எவரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அரசு உங்களுக்காகக் கடை கடையாகப் போய்ப் பார்க்காது. மீறுபவரைக் கண்டுபிடிப்பது, நோட்டீஸ் அனுப்புவது, வழக்கு நடத்துவது எல்லாம் உங்கள் செலவு.

அமெரிக்காவில் விற்க வேண்டுமானால் இதைத் தவிர்க்க முடியாது. அங்கே ஐரோப்பிய பிடிஓ முத்திரைக்குத் தனியாக மதிப்பில்லை. ராக்ஃபோர்ட்காரர்கள் 1953-இலேயே அங்கே சான்று முத்திரை பதிவு செய்துவிட்டார்கள். ஹங்கேரியிலும் இத்தாலியிலும் செய்த சீஸை ராக்ஃபோர்ட் என்று இறக்குமதி செய்த ஒருவர்மேல் வழக்குப் போட்டு 1962-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். கிரூயேர்க்காரர்கள் வெகு தாமதமாகப் போனார்கள். அதற்குள் அமெரிக்க உணவுத் துறையின் கிரூயேர் விதியில் ஊர் என்ற நிபந்தனையே இல்லை, விஸ்கான்சினில் அந்தப் பெயரிலேயே சீஸ் செய்துகொண்டிருந்தார்கள். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘கிரூயேர்’ ஒரு வகைப்பெயர் என்று முடித்துவிட்டது. அறுபதாண்டு இடைவெளியில் ஒரே சட்டம், ஒரே வகை முத்திரை, இரண்டு எதிரெதிர் முடிவுகள். பார்மசான் அங்கே பத்து மாதம் முதிர்ந்திருந்தால் போதும், எந்த மாநிலத்திலும் செய்யலாம்.

ஹலூமியின் கதையைப் படித்தால் டிரேட்மார்க்கின் பலவீனமான இடம் தெரியும். சைப்ரஸ் அரசு பிரிட்டனில் ஹலூமிக்குச் சான்று முத்திரை வைத்திருந்தது. அதை ரத்து செய்யக் கோரி ஒரு நிறுவனம் மனுப் போட்டபோது குறித்த காலத்துக்குள் பதில் போகவில்லை. முத்திரை போனது, 2018-இல் உயர்நீதிமன்றத்திலும் தோல்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘பிபிகியூலூமி’ என்ற பெயரை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் கைகொடுக்கவில்லை. டிரேட்மார்க்கில் கேள்வி ஒன்றுதான்: வாங்குபவர் குழம்புவாரா? குழம்பமாட்டார் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் அவ்வளவுதான்.

பிடிஓ, பிஜிஐயில் குழப்பம் வேண்டியதில்லை, நினைவூட்டினாலே போதும். இந்த இடத்தில்தான் இரண்டு வழிகளும் அடிப்படையில் பிரிகின்றன. ‘கம்போசோலா’ என்ற பெயர் கொர்கொன்சோலாவை நினைவூட்டுகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1999-இல் சொன்னது. (முன்பே நல்லெண்ணத்தோடு பதிவான டிரேட்மார்க் தொடரலாம் என்ற விதிவிலக்கும் சட்டத்தில் இருந்ததால் அந்தப் பெயர் மறைந்துவிடவில்லை.) ‘பார்மசான்’ என்பது பார்மிஜானோவை நினைவூட்டுவதே என்று 2008-இல் தீர்ப்பு. ஸ்பெயினின் மான்செகோ சீஸ் வழக்கில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். காற்றாலைகள், மெலிந்த குதிரை, குதிரைவீரர் என்று லா மான்சா பகுதியை நினைவுக்குக் கொண்டுவரும் படங்கள்கூட அந்தப் பெயரைத் தொடுவதாக இருக்கலாம் என்று 2019-இல் நீதிமன்றம் கூறியது. மோர்பியே சீஸின் நடுவே ஓடும் கருங்கோட்டைப் போலவே இன்னொருவர் கோடு போடுவதும் தடைக்குரியதாகலாம் என்பது 2020 தீர்ப்பு. டிரேட்மார்க்கை வைத்து இவ்வளவு தூரம் போவது கடினம்.

ஹலூமிக்காரர்கள் கடைசியில் பிடிஓவுக்குத்தான் வந்தார்கள். 2014-இல் போட்ட விண்ணப்பம் 2021 ஏப்ரலில்தான் பதிவானது. நடுவே தாமதம் வெளியாரால் மட்டும் வரவில்லை. ஆட்டுப்பால் எவ்வளவு, பசும்பால் எவ்வளவு என்று ஆடு வளர்ப்பவர்களுக்கும் ஆலைகளுக்கும் வீட்டுக்குள்ளேயே நடந்த மல்லுக்கட்டு அது.

வெளியேறிப் புதுப்பெயர் தொடங்கினால்?

கையாலாகாதவர்களின் வழி என்று இதை நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் லெதிவா சீஸைப் பாருங்கள். கிரூயேர் செய்துகொண்டிருந்த சில மலைக்குடும்பங்கள், பொது விதிகள் தளர்ந்துவிட்டன என்று கருதி, 1930-களில் விலகி, 1932-இல் தங்கள் கூட்டுறவைத் தொடங்கின. கோடையில் மட்டும், மலைமேய்ச்சல் நிலத்தில், விறகடுப்பில் செப்புக் கொப்பரை ஏற்றிச் செய்கிறார்கள். 2000-இல், கிரூயேருக்கும் முன்பே, லெதிவா சுவிஸ் மூலப்பெயர்க் காப்பைப் பெற்றுவிட்டது.

இத்தாலியின் பித்தோ சீஸின் கதை இவ்வளவு இனிப்பானதில்லை. பித்தோவுக்கு 1996-இல் பிடிஓ வந்தது. எல்லை விரிந்தது, மேய்ச்சலோடு தீவனமும், பாலில் தயார்நிலை நுண்ணுயிர் வித்தும் சேர்க்க இடம் வந்தது. பழைய பள்ளத்தாக்குகளில் செய்துவந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நெடுநாள் சண்டைக்குப்பின் 2016-இல் தங்கள் சீஸுக்கு ‘ஸ்தோரிகோ ரிபெல்லே’ என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். பெயர் பிறந்த பள்ளத்தாக்குக்காரர்களே பெயரை விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

வெளிநாட்டில் யார் காவல்?

உலக வர்த்தக அமைப்பின் 1995 ஒப்பந்தத்தில் ஒயினுக்கும் மதுவுக்கும் கிடைத்த கூடுதல் காப்பு சீஸுக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஐரோப்பா ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகப் பேசி, பெயர்ப் பட்டியல்களை ஒப்பந்தத்தில் ஏற்றுகிறது. ஜப்பானோடு 2019-இல், சீனாவோடு 2021-இல் இப்படி நடந்தது. கனடாவோடு செய்ததில் பேரம் பளிச்சென்று தெரியும். 2013 அக்டோபருக்கு முன்பே ஆசியாகோ, ஃபெட்டா, ஃபொன்தீனா, கொர்கொன்சோலா என்ற பெயர்களைப் பயன்படுத்திய கனடாக்காரர்கள் தொடரலாம். புதிதாக வருபவர்கள் ‘வகை’, ‘பாணி’ என்று சேர்க்க வேண்டும். இந்தப் பட்டியல்களில் இடம்பிடிப்பவை பதிவான பிடிஓ, பிஜிஐ பெயர்கள். டிரேட்மார்க்குக்காக எந்த வர்த்தக அமைச்சரும் இப்படி மேசைமுன் உட்காரமாட்டார். இன்னொன்று, டென்மார்க்கில் செய்த ‘ஃபெட்டா’வை ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்வதையும் டென்மார்க் தடுத்திருக்க வேண்டும் என்று 2022-இல் தீர்ப்பு வந்தது. அந்த வேலையை ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் பணத்தில் செய்திருக்க முடியாது.

பணம் என்றதும் ஒரு வார்த்தை. காப்புபெற்ற பெயருள்ள பொருள், பெயரில்லாத அதே வகைப் பொருளைப்போல் சராசரியாக இரண்டு மடங்கு விலைக்குப் போகிறது என்று ஐரோப்பிய ஆணையத்துக்காகச் செய்து 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. விண்ணப்பிப்பவர்கள் எல்லோரும் இந்த எண்ணைக் காட்டுவார்கள். நான் அதைப் பாதிதான் நம்புவேன். நல்ல விலைக்குப் போகும் பெயரைத்தான் சிரமப்பட்டுப் பதிவு செய்கிறார்கள். பதிவுக்கு முன்பே அந்த விலை இருந்ததா, பதிவால் வந்ததா என்று ஒரு சராசரியிலிருந்து சொல்ல முடியாது. ஆய்வுக் கட்டணமும் கணக்கெழுதும் வேலையும் மட்டும் நிச்சயம் வரும், பதினைந்து பேரில் சின்னவருக்குத்தான் அது அதிகம் உறைக்கும்.

சரி, அந்தப் பதினைந்து பேர் என்ன செய்யலாம்?

பால் முழுக்க அவர்கள் மலையிலேயே கிடைக்கிறது, பாலைக் காய்ச்சுவதா வேண்டாமா என்பதில் சண்டை இல்லை என்றால் பிடிஓவுக்குப் போகலாம். விதித்தொகுப்பில் சுவையைத் தீர்மானிக்கும் மூன்று நான்கு விஷயங்களில் கடுமையாகவும் மற்றவற்றில் சுருக்கமாகவும் எழுத வேண்டும். கோந்தேயின் வட்டம்போல ஒரு விதி கட்டாயம். பால் போதவில்லை என்றால் தயங்காமல் பிஜிஐ. பெயர் ஏற்கெனவே ஊர் சுற்றிவிட்டதென்றால் ஊர்ப்பெயர் சேர்த்த கூட்டுப்பெயர். அமெரிக்கா போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், எதைத் தேர்ந்தாலும் அங்கே சான்று முத்திரையை இந்த ஆண்டே போட்டுவிட வேண்டும். கிரூயேர்போலக் காத்திருந்தால் வேலைக்கு ஆகாது.

காய்ச்சாத பால் விஷயத்தில் இரண்டு கட்சியாக நின்றால் விண்ணப்பமே போட வேண்டாம் என்பேன். இன்றைக்கு ஒரு வாக்கில் ஜெயித்து விதியை எழுதிவிடலாம். பத்து ஆண்டில் தோற்ற கட்சி ஸ்டிசெல்டனாகவோ ஸ்தோரிகோ ரிபெல்லேயாகவோ வெளியே நிற்கும். அதுவரை கூட்டு முத்திரை ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு வகையையும் லேபிளில் வேறுபடுத்தி விற்றுப் பார்க்கலாம். சந்தை எதற்கு விலை தருகிறது என்பது தெரிந்தபின் விதி எழுதினால் வாதம் பாதி குறையும்.

அப்புறம், எந்த விதித்தொகுப்பிலும் மறக்கக் கூடாத ஒன்று தீவனம். பிரான்ஸின் சலேர் சீஸில் மாட்டின் தீவனத்தில் 75 சதவீதம் புல்லாக இருக்க வேண்டும் என்பது விதி. 2022 கோடை வறட்சியில் மேய்ச்சல் நிலம் காய்ந்துபோக, தயாரிப்பாளர்கள் உற்பத்தியையே நிறுத்த வேண்டியிருந்தது. வறட்சி, நோய் போன்ற நெருக்கடிகளில் தற்காலிகத் திருத்தம் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அதை யார் கேட்பது, எந்த விதியைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தவே கூடாது என்பதைப் புல் பச்சையாக இருக்கும்போதே குழு முடிவுசெய்து எழுதி வைத்திருக்க வேண்டும்.